பெருவில் நன்றாகச் சாப்பிட லிமாவா, அரெகிப்பாவா, குஸ்கோவா?

பெருவுக்குப் போகிறவர்களின் திட்டத்தைக் கேட்டால் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். லிமாவில் இறங்கி ஒரு ராத்திரி தூங்குவது, விடிந்ததும் குஸ்கோவுக்கு விமானம் பிடிப்பது, அங்கே நாலைந்து நாள், நடுவில் மச்சு பிச்சு, திரும்ப லிமா, அப்படியே ஊர். இடிபாடுகளைப் பார்க்க மட்டும் போகிறோம் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றி உலகமே இவ்வளவு பேசுகிறதே, அதையும் ஒரு கை பார்க்க வேண்டும் என்றால் இந்தத் திட்டம் உதவாது. நன்றாகச் சாப்பிடக் கூடிய ஊரை வெறும் விமான நிலையமாக வைத்துக்கொண்டு, வயிறு ஒத்துழைக்காத உயரத்தில் போய் மீதி நாளையெல்லாம் கழித்துவிட்டு வருவோம்.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு முக்கியம் என்றால் லிமாவுக்கு முதலிடம், அடுத்து அரெகிப்பா, குஸ்கோ மூன்றாவதுதான். மூன்று ஊரிலும் நல்ல சமையல் உண்டு. பயணிக்கு அது எவ்வளவு கைக்கு எட்டும் என்பதில்தான் வித்தியாசம். சுத்த சைவம் என்றால் இந்த வரிசை அப்படியே புரண்டுவிடும், அதைப் பின்னால் பார்க்கலாம்.

மதியக் கணக்கு

பெருவில் பெரிய சாப்பாடு மதியம்தான். எலுமிச்சைச் சாற்றில் புரட்டிய பச்சை மீன்தான் செவிச்சே; அதை விற்கும் கடைகளில் பெரும்பாலானவை சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குள் அடைத்துவிடும். காலையில் வந்த மீனை அன்று பகலிலேயே தீர்ப்பது அங்கே பழைய வழக்கம். அரெகிப்பாவின் பிகாந்தெரியாக்கள் எனப்படும் காரச் சாப்பாட்டுக் கடைகளும் பகல் கடைகளே. குழி தோண்டி, சுட்ட கற்களோடு இறைச்சியையும் கிழங்கையும் மண்ணுக்குள் மூடி வேகவைக்கும் பச்சமங்காவும் மதிய விருந்து. தெருவோர ஓட்டல்கள் வாசல் பலகையில் ‘மெனு’ என்று எழுதி வைப்பதும் மதியத்துக்குத்தான். நம் ஊர் மெனு கார்டு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே மெனு என்றால் அன்றைய சாப்பாடு. ஒரு சூப் அல்லது சிறு தட்டு, ஒரு பெரிய தட்டு, ஒரு டம்ளர் பானம், எல்லாம் சேர்த்துச் சாதாரணக் கடைகளில் 10 முதல் 20 சோல் வரை ஆகும். ஒரு சோல் இந்திய ரூபாயில் இருபதுக்கு மேல்.

அதனால் எந்த ஊரில் எத்தனை நாள் என்பதைவிட, எத்தனை மதியம் என்று கணக்குப் போட்டால் நிலைமை தெளிவாகத் தெரியும். குஸ்கோவில் நாலு நாள் என்று வைத்துக்கொள்வோம். இறங்கிய அன்று சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் தலை கனக்கும், பசி இருக்காது. சூப்போடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மச்சு பிச்சு போகும் நாளின் மதியம் அடிவாரத்து ஆகுவாஸ் காலியென்தெஸில் கழியும். அங்கே விலை அதிகம், சாப்பாடு சுமார், பாதிக் கடைகளில் பீட்சாதான். மிஞ்சுவது இரண்டு மதியம். லிமாவில் மூன்று நாள் இருந்தால் மூன்று மதியமும் உங்களுடையவை, கூடவே மூன்று ராத்திரியும். சூரியன் இறங்கிய பிறகும் சாப்பாட்டுக்கு உயிர் இருக்கும் ஊர், மூன்றிலும் லிமா ஒன்றுதான்.

லிமா

கடலோர ஊர், ஆனால் வெப்பக் கடல் இல்லை. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. ஆண்டில் பாதி நாள் லிமாவின் வானம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடப்பதற்கும், கடலில் மீன் கொழித்துக் கிடப்பதற்கும் அந்த நீரோட்டமே காரணம். ஆக, செவிச்சேயில்தான் தொடங்க வேண்டும்.

சுர்கியோ சந்தை மாதிரி ஓர் இடத்தில் செவிச்சே கடை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் செய்முறை முழுக்கக் கண்ணெதிரே நடக்கும். மீனைச் சதுரத் துண்டுகளாக அறுப்பார்கள். முதலில் உப்பு. அப்புறம் பொடியாக நறுக்கிய அஹி லிமோ மிளகாயும் கொத்தமல்லியும். அதன் மேல் எலுமிச்சை. நம் நாட்டுப் பழம் போலச் சின்னது, நல்ல புளிப்பு. அதை ஒட்டப் பிழிய மாட்டார்கள். அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். நீளவாக்கில் மெல்லிசாகச் சீவிய சிவப்பு வெங்காயத்தைப் போட்டு இரண்டு புரட்டு புரட்டினால் தட்டு கைக்கு வந்துவிடும். ஓரத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பெரிய பெரிய மணி உள்ள மக்காச்சோளம், வறுத்த சோளம். கிழங்கை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். புளிப்பும் காரமும் ஏறும்போது அந்த இனிப்பு ஒரு வாய்க்கு வேண்டியிருக்கும். அடியில் தேங்கும் வெள்ளைச் சாறுதான் லெச்சே தெ திக்ரே. சில கடைகளில் அதைத் தனியாகக் கண்ணாடி டம்ளரில் ஊற்றியும் விற்பார்கள்.

முன்பெல்லாம் மீனை மணிக்கணக்கில் சாற்றில் ஊறவைப்பார்களாம். சில நிமிடங்களே போதும் என்று ஆனதில் ஜப்பானியக் குடும்பத்துச் சமையல்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1899-இல் சக்குரா மாரு கப்பலில் வந்திறங்கிய தொழிலாளர்களிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. வெங்காயம் இல்லாமல், மீனை மெல்லிய பட்டையாகச் சீவிப் பரிமாறும் திராதித்தோ அவர்கள் கைவண்ணம். செவிச்சே செய்வதும் உண்பதும் சார்ந்த மரபை 2023-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பெருவில் ஜூன் 28 செவிச்சே நாள்.

பச்சை மீன் என்றதும் நம்மில் பலருக்கு வயிறு ஒரு முறை சுருங்கும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எலுமிச்சை மீனை வெள்ளையாக்கி வெந்தது போலக் காட்டும்; ஆனால் நெருப்பைப் போலக் கிருமியையும் புழுவையும் அது முழுதாகக் கொல்லாது. 1991-இல் பெருவைக் காலரா தாக்கியபோது செவிச்சே கடைகள் ஈயோட்டின. இன்றைக்கு நிலைமை வேறு என்றாலும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. மதியம் கூட்டம் நெரியும் கடையாகப் பாருங்கள். இருட்டிய பிறகு செவிச்சே வேண்டாம். மலை ஏறவோ நீண்ட விமானத்தில் ஏறவோ இருக்கும் நாளுக்கு முந்தின மதியமும் வேண்டாம். மனசு ஒப்பவே இல்லை என்றால் அதே கடையில் ஹலேயா கேளுங்கள். மீன், கணவாய், இறால் எல்லாம் மாவில் புரட்டி மொறுமொறுவெனப் பொரித்து, மேலே எலுமிச்சையில் ஊறிய வெங்காயம் போட்டு வரும். ஒருவரால் தின்று தீர்க்க முடியாது.

சந்தைக் கடையில் செவிச்சே 20, 30 சோலுக்குக் கிடைத்துவிடும். வசதியான பேட்டையான மிராஃப்ளோரஸில் மேசைத்துணி விரித்த இடம் என்றால் அதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் ஆகும். இன்னொரு உலகமும் லிமாவில் இருக்கிறது. விர்ஹிலியோ மார்த்தினேஸும் பியா லியோனும் நடத்தும் சென்ட்ரல் 2023-இலும், மித்சுஹாரு த்சுமுராவின் மாய்தோ 2025-இலும் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஒரு ஆள் சாப்பிட ஆயிரம் சோலைத் தாண்டும், மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். இதற்காகவே போகிறவர்கள் போகட்டும். முதல் பயணத்தில் அந்தக் காசையும் அந்த ஒரு வேளையையும் அங்கே கொட்ட வேண்டாம் என்பேன். அந்தத் தட்டில் என்ன வித்தை காட்டுகிறார்கள் என்பது, சாதாரணக் கடைச் சாப்பாடு நாக்கில் பழகிய பிறகுதான் புரியும்.

ராத்திரிக்கு வருவோம். 1849 முதல் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் வழியில் வந்தவை சீஃபா எனப்படும் கடைகள். லிமாவில் அவை இல்லாத பேட்டையே இல்லை. சவுஃபா என்ற வறுத்த சோறு அங்கே தினப்படிச் சாப்பாடு. மாட்டிறைச்சிப் பட்டைகளை வெங்காயம், தக்காளி, சோயா சாஸோடு பெரிய நெருப்பில் வதக்கி, உருளைக்கிழங்கு வறுவலையும் சோற்றையும் ஒரே தட்டில் வைக்கும் லோமோ சல்தாதோவும் இந்தக் கலப்பில் பிறந்ததுதான். மாடு சாப்பிடாதவர்கள் போயோ சல்தாதோ என்று கேட்டால் கோழியில் செய்து தருவார்கள். தெருவில் கரி அடுப்பில் புகைந்துகொண்டிருக்கும் அந்திகுச்சோ கம்பிகளிலும் கவனம் தேவை. அவை மாட்டின் இதயம். அஹி பங்கா மிளகாய், வினிகர், பூண்டு, சீரகத்தில் ஊறவைத்துச் சுட்டவை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையலோடு சேர்த்தே அதைப் பேசுவார்கள். சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், லிமா ராத்திரியில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே பூசணியும் சர்க்கரைவள்ளியும் பிசைந்து வளையமாகப் பொரித்த பிகரோனெஸ், வெல்லப்பாகு சொட்டச் சொட்ட.

குழந்தைகளோடு போனால் போயோ அ லா பிராசா என்ற சுட்ட கோழி கைகொடுக்கும். 1950 வாக்கில் லிமாவுக்கு வெளியே ஒரு பண்ணையில் ரோஜர் ஷூலர் என்ற சுவிஸ்காரர் தொடங்கி வைத்த இந்தக் கோழிக்கு இப்போது ஜூலை மாத மூன்றாம் ஞாயிறு தனி நாளாகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அரெகிப்பா

வெள்ளை எரிமலைக்கல்லில் கட்டிய ஊர், தலைக்கு மேல் மிஸ்தி எரிமலை. உயரம் சுமார் 2,300 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட, பெரும்பாலோருக்கு மூச்சு வாங்காது. லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். இந்த ஊருக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால் என் பதில் ஒன்றே ஒன்று: பிகாந்தெரியா.

பிகாந்தெரியா என்பது சிச்சா என்ற சோளக் கள் விற்கும் இடமாகத் தொடங்கி, சிச்சாவுக்குத் தொட்டுக்கொள்ளக் காரமான தட்டுகள் வைத்து வைத்தே முழுச் சாப்பாட்டுக் கடையாக வளர்ந்தது. நடத்துவது பெரும்பாலும் பெண்கள், தாயிடமிருந்து மகளுக்கு வந்த கைப்பக்குவம். பழைய கடைகளில் இன்னும் விறகு அடுப்பு, புகையேறிக் கறுத்த சுவர். மூலையில் பதான் கிடக்கும். நம் அம்மி போலத்தான், ஆனால் குழவியை உருட்டி இழுப்பதில்லை. அடிப்பக்கம் வளைந்த ஒரு பெரிய கல்லை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைப்பார்கள். மிளகாய், வேர்க்கடலை, வகத்தாய் என்ற வாசனைத் தழை எல்லாம் அதில்தான் விழுதாகும். அந்த விழுதைப் பாலாடைக்கட்டியோடு சேர்த்துக் கெட்டியாக்கி, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றினால் ஒகோப்பா. கடலைச் சட்னியில் வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும்.

இங்கே பேர்போனது ரொகோத்தோ ரெய்யேனோ. ரொகோத்தோ பார்க்கக் குடைமிளகாய் மாதிரி சாதுவாக இருக்கும், உள்ளே விதை கறுப்பு. அதை விதையும் நரம்பும் நீக்கி, நாலைந்து தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்துக் காரத்தை அடக்கி, கொத்திறைச்சி, ஆலிவ், முட்டை அடைத்து, மேலே பாலாடைக்கட்டி உருக அடுப்பில் வைப்பார்கள். அடக்கிய காரமே இது. பச்சையாக அரைத்து மேசையில் வைத்திருக்கும் ரொகோத்தோ சாந்து வேறு விஷயம். “நாங்கள் பார்க்காத மிளகாயா” என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் போடும் தமிழர்களுக்கு அது நல்ல பாடம் நடத்தும். மிளகாயே அந்தக் கண்டத்திலிருந்து நமக்கு வந்ததுதானே.

கிழமைக்கு ஒரு சூப் உண்டு: திங்கள் சாக்கே, செவ்வாய் சாய்ரோ, புதன் சோச்சோகா என்று வாரம் முழுக்க முறை வைத்திருக்கிறார்கள். எல்லாமே கிழங்கும் தானியமும் இறைச்சியும் சேர்ந்த கெட்டிச் சூப், ஒரு கிண்ணமே ஒரு வேளைச் சாப்பாடு. இவற்றுக்கெல்லாம் மேலே, ஆற்று இறால், பால், உருளை, முட்டை சேர்த்த சுப்பே தெ கமரோனெஸ். பலவும் ருசி பார்க்க வேண்டும் என்றால் ‘அமெரிகானோ’ என்று கேளுங்கள், நாலைந்து பண்டங்கள் ஒரே தட்டில் வரும். யனஹுவாராப் பேட்டையில் லா நுவேவா பலோமினோ என்ற கடை பேர்பெற்றது. சச்சாகா, கய்மா பக்கங்களிலும் நல்ல கடைகள் உண்டு. ஊர் நடுவிலிருந்து டாக்சியில் போக வேண்டும், ஒரு மணிக்குள் போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரெகிப்பாவில் இருப்பது போல உங்கள் தேதிகளை வளைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை ஊரே அதோபோ சாப்பிடும். பன்றிக்கறியை இரவு முழுக்க முளைகட்டிய சோளத்துச் சிச்சாவிலும் அஹி பங்காவிலும் ஊறவைத்து மண்சட்டியில் வேகவைத்தது, மூன்று முனை உள்ள ரொட்டியை முக்கிச் சாப்பிட. எட்டு, ஒன்பது மணிக்கே கூட்டம் முற்றிவிடும், பதினொன்றுக்குச் சட்டி காலி. சாப்பிட்ட பிறகு சின்ன கிளாஸில் சோம்பு மதுவும் தேநீரும். பகலில் சதுக்கத்துப் பக்கம் கேசோ எலாதோ விற்பார்கள். பேரில் பாலாடைக்கட்டி இருக்கிறதே தவிர உள்ளே பாலும் தேங்காயும் பட்டையும்தான்.

குறை என்று சொன்னால், ராத்திரி ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லாமே வயிற்றை நிரப்பும் சாப்பாடு, மதியம் பிகாந்தெரியாவுக்குப் போனவர் ராத்திரி தேநீரோடு படுத்துவிடுவார். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் கொஞ்சம் தடுமாற்றம்தான். ஆனால் வெளியூர்க்காரர்களுக்காக மாற்றிக்கொள்ளாத சமையல் என்பதால் இந்த ஊருக்கு என் ஓட்டு. பிகாந்தெரியாவை 2014-இல் பெரு அரசு நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2019-இல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரங்கள் பட்டியலிலும் அரெகிப்பா சேர்ந்துகொண்டது.

குஸ்கோ

குஸ்கோவை மூன்றாவதாக வைத்ததற்குச் சண்டைக்கு வருவார்கள், தெரியும். உருளைக்கிழங்கின் தாய்வீடு ஆண்டிஸ் மலை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். கறுப்பு, ஊதா, விரல் போல நீண்டது, முடிச்சு முடிச்சாக இருப்பது. ராத்திரிப் பனியில் உறையவிட்டுப் பகலில் மிதித்து நீர் பிழிந்து காயவைத்தால் சுன்யோ, வருஷக்கணக்கில் கெடாது. குஸ்கோவுக்குப் பக்கத்து உருபம்பா பள்ளத்தாக்கின் மக்காச்சோளத்தில் ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் அகலம். வேகவைத்த ஒரு கதிரும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் வழியோரத்தில் வாங்கிச் சாப்பிட்டால் அதுவே சுகம்.

சிக்கல் என்னவென்றால் ஊர்நடுச் சதுக்கமான பிளாசா தெ அர்மாஸைச் சுற்றியுள்ள கடைகள் முழுக்கப் பயணிகளுக்கானவை. அல்பாக்கா பர்கர், குயினோவா ரிசோட்டோ, மரப்பலகை மேல் பரிமாறல். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதற்காகப் பெருவுக்கு வர வேண்டாம். குஸ்கோவின் அசல் சாப்பாடு ஊருக்கு வெளியே, தென்கிழக்கே போகும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கிறது. முதலில் சாய்யா, கடாய் கடாயாகப் பொரித்த பன்றிக்கறிக்குப் பேர்போனது. அப்புறம் திப்போன், குய் என்ற கினி எலிக் கறிக்கு. அடுத்து ஓரோபேசா, சூத்தா என்ற பெரிய வட்ட ரொட்டிக்கு. திப்போனில் இன்கா காலத்து நீர்வாய்க்கால்களும் படிவயல்களும் இருக்கின்றன, பார்த்துவிட்டு அப்படியே சாப்பிட்டு வரலாம். மிஞ்சிய அந்த இரண்டு மதியத்தில் ஒன்றை இந்தச் சாலைக்கு எழுதிவிடுங்கள். இன்னொன்று, நேரம் வாய்த்தால், பள்ளத்தாக்கில் ஒரு பச்சமங்கா.

அந்தக் குய்யைப் பற்றி ஒரு வார்த்தை. தலை, பல், நகம் எல்லாம் வைத்து முழுசாகத் தட்டில் வரும், வயிற்றுக்குள் வகத்தாய்த் தழை திணித்திருக்கும். தோல் மொறுமொறுப்பு நன்றாகவே இருக்கும். கறி குறைவு, எலும்பு நிறைய, கையால்தான் பிய்த்துத் தின்ன வேண்டும். காடை தின்னத் தெரிந்தவர்களுக்குச் சிரமமில்லை. குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாதா வரைந்த கடைசி இராவுணவு ஓவியத்தில் நடுத்தட்டில் கிடப்பது குய்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். தின்னப் பிடிக்காதவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம், பெருவைத் தவறவிட்டதாக ஆகாது.

முதல் நாள் சூப் என்றேனே, சான் பெட்ரோ சந்தைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் கோழிச் சூப்பும் குயினோவா சூப்பும் அதற்குச் சரி. அங்கேயே பழச்சாறு கேட்டால் கிளாஸ் காலியானதும் மிக்சியில் மிச்சமிருப்பதை இன்னொரு முறை ஊற்றுவார்கள். தண்ணீர் கலக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெருவில் எங்குமே குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததில்லை.

என்ன குடிப்பது?

மதுவில் பிஸ்கோதான் பெருவின் அடையாளம். திராட்சையிலிருந்து வடிப்பது, லிமா, இக்கா, அரெகிப்பா, மொகேகுவா, தக்னா ஆகிய பகுதிகளில், எட்டு வகைத் திராட்சையில் மட்டும் செய்தால்தான் அங்கே பிஸ்கோ என்று பேர் போடலாம். தண்ணீர் கலந்து கடுப்பைக் குறைப்பதில்லை, மரப்பீப்பாயில் பழக்குவதில்லை. எலுமிச்சை, சர்க்கரைப்பாகு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அடித்த பிஸ்கோ சவர் எல்லா இடத்திலும் கிடைக்கும். நுரையும் புளிப்புமாக ஜூஸ் போல உள்ளே இறங்கும், ஆனால் பிஸ்கோவில் சாராயம் 38 சதவீதத்துக்குக் குறையாது. பச்சை முட்டை வேண்டாம் என்றால் இஞ்சிச் சோடா சேர்த்த சில்கானோ. என்னைக் கேட்டால் சாப்பாட்டோடு சில்கானோதான் பொருந்தும். இரண்டையும் லிமாவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குஸ்கோ உயரத்தில் முதல் இரண்டு நாள் மது வேண்டாம், தலைவலி இரட்டிப்பாகும்.

சிச்சாவில் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்துக் குளிரவைத்த சிச்சா மொராதாவில் போதை இல்லை, குழந்தைகளும் குடிப்பார்கள். மெனு சாப்பாட்டோடு வரும் டம்ளரில் பல நாள் இதுதான் இருக்கும். சிச்சா தெ ஹோரா முளைகட்டிய சோளத்தைப் புளிக்கவைத்த லேசான கள். குஸ்கோ பக்கத்துக் கிராமங்களில் ஒரு கழியில் சிவப்புத் துணியோ பிளாஸ்டிக் பையோ கட்டி வீட்டு வாசலில் நீட்டியிருந்தால் உள்ளே சிச்சா தயார் என்று பொருள். குடிக்குமுன் நாலு சொட்டு மண்ணுக்கு, பச்சமாமா என்ற பூமித்தாய்க்கு. எந்தத் தண்ணீரில் செய்தார்கள் என்று வெளியாளுக்குத் தெரியாது என்பதால், வயிறு இளகியவர்கள் அரெகிப்பா பிகாந்தெரியாவில் குடிப்பது பத்திரம். அங்கே சோளம் கறுப்பு, நிறம் செவ்வூதா, புளிப்பும் அளவோடு இருக்கும்.

இன்கா கோலா பளிச்சென்ற மஞ்சள் சோடா, 1935-இல் லிமாவில் லிண்ட்லி குடும்பம் தொடங்கியது. பபிள்கம் போல இனிக்கும். சவுஃபாவோடு ஒரு தடவை குடித்துப் பார்க்கலாம், அதற்கு மேல் எனக்கு ஆகாது. அதைவிட, காலையிலும் ராத்திரியிலும் தள்ளுவண்டியில் விற்கும் எமோலியென்தே எவ்வளவோ மேல்: வறுத்த பார்லி, ஆளிவிதை, மூலிகைகள், எலுமிச்சை, எல்லாம் சூடாக.

கோகா இலைத் தேநீர் குஸ்கோ விடுதிகளில் இலவசமாகவே வைத்திருப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி. உயரத்துக்கு நல்லது என்று எல்லாரும் குடிப்பார்கள். ஆனால் அலுவலகத்தில் போதைப்பொருள் சோதனை இருப்பவர்கள் தொடாதீர்கள், சோதனையில் காட்டிவிடலாம். பாக்கெட் வாங்கிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவருவது இன்னும் மோசம்; இந்தியாவில் கோகா இலை தடை செய்யப்பட்ட பொருள். அதற்குப் பதில் முன்யா என்ற மலைப்புதினாத் தேநீர் கேளுங்கள், செரிமானத்துக்கும் நல்லது.

சைவர்களுக்கு

இங்கே வரிசை புரளும். குஸ்கோ முதலில், லிமா அடுத்தது, அரெகிப்பா கடைசி. நான் குறை சொன்ன அதே பயணிகள் கூட்டத்தால் குஸ்கோவில் சைவக் கடைகள் நிறைய. கேட்டால் புரிந்துகொள்ளவும் செய்வார்கள். மற்ற இடங்களில் “சின் கார்னே”, அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டுக் கோழியை வைத்துவிடுவார்கள். “நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ” என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குயினோவா சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் கோழியோ எலும்போதான், அதையும் கேளுங்கள். பால், பாலாடைக்கட்டி சாப்பிடுபவர்களுக்கு அரெகிப்பாவின் சொல்தெரித்தோ நிம்மதி: மொச்சை போன்ற பெரிய பயறு, சோளம், வெங்காயம், தக்காளி, ஆலிவ், கட்டியான பாலாடைக்கட்டி. உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டிச் சாந்து ஊற்றிய பாப்பா அ லா வாங்காயினாவும் ஆகும். அதன் தட்டில் முட்டை இருக்கும், சொன்னால் எடுத்துவிடுவார்கள். சோற்றுக்கு எங்குமே பஞ்சமில்லை.

இரண்டாம் முறை போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு திசைகள் உண்டு. வடக்கே சிக்லாயோ, கொத்தமல்லிச் சோற்றில் வாத்தும் சிச்சாவில் வேகவைத்த ஆட்டுக்குட்டியும். வடகிழக்கே அமேசானில் இக்கித்தோஸ், நாட்டின் மற்ற ஊர்களிலிருந்து சாலை வழியே போக முடியாத ஊர். இலையில் பொதிந்து வேகவைத்த சோறும் கோழியும் அங்கே ஹுவானே. முதல் பயணத்தில் இவற்றையும் திணித்தால் மதியங்கள் விமானத்தில் போய்விடும்.

சரி, பத்து நாள் கையில் இருந்தால் நான் போடும் பங்கு இது: லிமாவில் நாலு மதியம், அரெகிப்பாவில் ஞாயிறு உட்பட இரண்டு, மீதி குஸ்கோ. இந்த வரிசையில் போனால் கடல்மட்டத்திலிருந்து படிப்படியாக ஏறுவதால் உடம்பும் பழகிக்கொள்ளும். அரெகிப்பாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பேருந்து என்றால் பத்து மணி நேரம், பெரும்பாலும் ராத்திரி வண்டி.

இரண்டு காலங்களில் மட்டும் இதை மாற்றுவேன். மே கடைசியிலோ ஜூனிலோ வரும் கார்பஸ் கிறிஸ்டி சமயத்தில் குஸ்கோவில் சிரி உச்சு கிடைக்கும். குய், கோழி, உப்புக்கண்டம், மீன்முட்டை, கடற்பாசி, வறுத்த சோளம், பாலாடைக்கட்டி, ரொகோத்தோ எல்லாம் ஆறிய நிலையில் ஒரே தட்டில். கடலும் மலையும் காடும் சேர்ந்த அந்தத் தட்டுக்காக லிமாவில் ஒரு மதியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முடிய ஆற்று இறால் பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் சுப்பே தெ கமரோனெஸை எதிர்பார்த்து அரெகிப்பா போகாதீர்கள். அப்போது குஸ்கோவில் மழைக்காலம், லிமாவிலோ வெயில் அடிக்கும் கோடை. அங்கேயே கூட இரண்டு மதியம் இருந்துவிடலாம்.